வெறும் பை

02.02.2025
ஜேர்மனி

சுலோ அக்காவுக்கு, அஸீமா எழுதுவது.

பதினான்கு மாதம் கதைக்காமல் இருந்துவிட்டு இப்போது எழுதுகிறேன். போன் எடுத்தால் இரண்டு பேரும் கத்துவோம், காரியம் நடக்காது. அதனால்தான் மின்னஞ்சல். சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, நேரே கேட்கிறேன்.

டிசம்பரில் நீங்கள் அனுப்பிய மணிகளுக்கு என்ன செய்தீர்கள்?

எங்கள் மணிகள் அயடீன் ஆவியைத் தங்கள் நிறையைப் போல் நான்கு மடங்கு பிடிக்கும் என்று எழுதிய கட்டுரைதான் என்னை இங்கே கொண்டுவந்தது. நான் செய்த நுண்துளைத் தூளும், நீங்கள் இறால் கோதிலிருந்து எடுத்த பசையும் சேர்ந்த மணிகள். இங்கே வந்த பிறகும் ஒன்றரை வருடம் நானே அளந்தேன், நான்குதான் வந்தது. கொண்டுவந்தவை ஒக்டோபரில் முடிந்தன. இங்குள்ள என் பேராசிரியர் மட்டக்களப்பில் நம் கம்பஸுக்கு எழுதிக் கேட்டார், நீங்கள் புதிதாகச் செய்து அனுப்பினீர்கள். அவற்றை இங்கே புதிதாகச் சேர்ந்த மாணவன் ஒருவன் அளந்தான். ஒரு மடங்குதான் வந்தது. மூன்று தரம் அளந்தான், மூன்று தரமும் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார், "நான்கு ஏன் உன் கையில் மட்டும் வருகிறது?" என்று. அதற்குப் பிறகு அவர் சொன்னதில் பாதி எனக்குக் கேட்கவே இல்லை. திகதி மட்டும் கேட்டது. மார்ச் 14ஆம் திகதி மூன்று பேர் கொண்ட குழு என்னை விசாரிக்கும். ஒழுங்கான விளக்கம் இல்லாவிட்டால் நான் எண்களைப் புனைந்தேன் என்று எழுதுவார்கள். பட்டம் போகும். அதைவிட, கள்ளி என்ற பெயர் நான் மௌத்தாகும் வரைக்கும் என்னோடு வரும்.

ஏப்ரலில் இங்கே ஒரு மருத்துவமனையின் தைரொயிட் வாட்டில் இந்த மணிகளை வைப்பதாக இருந்தார்கள். கதிர்வீச்சு அயடீனைக் குடிக்கும் நோயாளிகளின் மூச்சோடு வெளியே வருவதைப் பிடிப்பதற்காக. அதுவும் இப்போது என் தலையில்தான்.

நான் இங்கே வந்த பிறகு கட்டுரையைக் கண்டு, அதில் உங்கள் பெயரை ஆசிரியர்களோடு போடாமல் கடைசி நன்றி வரியில் போட்டதற்காக நீங்கள் போனை வைத்தது எனக்கு மறக்கவில்லை. அந்தக் கோபத்தை மணியில் காட்டியிருந்தால் இப்போதாவது சொல்லிவிடுங்கள். தூளைக் குறைத்தீர்களா, பசையை மாற்றினீர்களா? நான் சண்டை பிடிக்க மாட்டேன். எனக்கு ஒரு பதில் வேண்டும்.

அஸீமா


04.02.2025
கல்லடி

அஸீமா,

உன் கடிதத்தை நேற்றுப் பின்னேரம் வாசித்தேன். வாசித்த இடத்திலேயே இருந்துவிட்டேன். வாவியிலிருந்து வந்த என் தம்பி உதயரூபன் வாசலில் நின்று, "என்னகா, ஆரும் மோசம் போயிட்டாங்களா?" என்று கேட்டான். சாவு ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவன் மீன் கூடையை வைத்துவிட்டுத் தண்ணீர் எடுத்து வந்து தந்தான். என் தம்பி எனக்குத் தண்ணீர் தந்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அந்தளவுக்கு இருந்திருக்கிறது என் முகம்.

இன்று லீவு நாள். ஆறுதலாகப் பதில் எழுதுகிறேன்.

கோபம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. "டெக்னிக்கல் ஒபிசர்ட பேர் போடுறது வழக்கமில்ல அக்கா" என்று நீ சொன்ன குரல் இன்னும் என் காதில் கிடக்கிறது. இரண்டு வருடம் இறால் கோது கழுவி, என் சீலையெல்லாம் மணத்து, பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஆள் இருக்காமல் போனதற்கு எனக்குக் கிடைத்தது ஒரு நன்றி வரி. ஆனால் கோபத்தைக் கைக்குக் கொண்டுபோகிற ஆள் நானில்லை. மணிக்காக ஊசியிலிருந்து பசை சொட்டாக விழும்போது கை கொஞ்சம் நடுங்கினாலும் மணிக்கு வால் முளைத்துவிடும். டிசம்பர் மணியைக் கையில் எடுத்துப் பார், ஒன்றுக்காவது வால் இருக்கிறதா என்று. அதே தூள், அதே பசை, அதே அளவு. எல்லாம் ஆய்வுகூடப் புத்தகத்தில் இருக்கிறது.

நான் ஏதாவது மாற்றியிருப்பேன் என்று நீ நினைத்தாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. பெயர் போடாததைக்கூட விழுங்கியிருப்பேன்.

சரி. வேலையைப் பார்ப்போம். அந்த மாணவன் எதில் வைத்து அளக்கிறான்? நான் உனக்குத் தகர ரின்னில் போட்டுத் தந்த முப்பது பையும் இதற்குள் முடிந்திருக்குமே. கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டால் மேல் மணி கறுக்கும், அடி மணி மஞ்சளாகவே கிடக்கும். அதனால்தானே கம்பி வலைக்கு மாறினோம், அந்தக் கம்பியை அயடீன் இரண்டு நாளில் தின்று துரும்பாக்கியதால்தானே நான் உதயரூபனின் நைலோன் வலை நூலில் பை பின்னினேன். இதெல்லாம் உனக்கு அயத்துப் போச்சா?

சுலோஜனா


07.02.2025
ஜேர்மனி

அன்புள்ள சுலோ அக்காவுக்கு,

பை என்று நீங்கள் எழுதியதை வாசித்ததும் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

அவன் கண்ணாடிக் கிண்ணத்தில்தான் வைக்கிறான். நான் பையில் தொங்கவிட்டு அளந்தேன். என் கையில் நான்கு வந்ததற்குக் காரணம் என் கை இல்லை, பை. எல்லாப் பக்கத்தாலும் ஆவி போகிறது, அதனால் மணி முழுவதும் குடிக்கிறது. இவ்வளவு சின்ன விஷயம் ஒரு வாரமாக என் மண்டையில் உறைக்கவில்லை. பழிச்சொல் காதில் விழுந்த நாளிலிருந்து எனக்கு யோசிக்கவே வரவில்லை அக்கா. ஒரு நாளைக்கு ஒரு நேரம்தான் சாப்பிடுகிறேன். உம்மா போன் எடுத்தால் மூக்கடைப்பு, தடிமன் என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டுரையில் பையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மணிகளைப் பொருத்தமான கொள்கலனில் வைத்தோம் என்று எழுதிவிட்டேன். மீன் வலை நூலில் பின்னிய பை என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. வெளிநாட்டுச் சஞ்சிகைக்காரர் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். இங்கே வந்த பிறகும் பைகளை மேசை லாச்சியில் வைத்துத்தான் எடுப்பேன். யாராவது உள்ளே வந்தால் லாச்சியைச் சாத்திவிடுவேன். அந்த மாணவன் கட்டுரையை வாசித்துத்தான் வேலை செய்தான், பாவம். அதில் இல்லாததை அவன் எப்படிச் செய்வான்?

எனக்குப் பன்னிரண்டு பை பின்னி அனுப்புங்கள். விசாரணைக்கு முதல் நாள் அவர்கள் கண் முன்னாலேயே அளந்து காட்டுகிறேன். நான் புனையவில்லை என்று அப்போது தெரியும்.

உங்கள்மேல் சந்தேகப்பட்டது பெரிய பிழை. எழுதும்போதே எனக்குக் கூசுகிறது. மன்னித்தேன் என்று நீங்கள் எழுத வேண்டாம், பை வந்தால் போதும்.

அஸீமா


16.02.2025
கல்லடி

அஸீமா,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதி எழுதி அழிக்கிறேன். இருந்து வாசி. நின்றுகொண்டு வாசிக்காதே.

உன் கடிதம் வந்த அன்றே உதயரூபனிடம் நூல் கேட்டேன். "வாவியில மீன் இல்லாம நாங்க திரியிறம், நீ கம்பசில என்னத்தகா புடிக்கப் போறாய்?" என்று சிரித்தான். புது றோல் ஒன்று தந்தான். பன்னிரண்டு பை பின்னி முடித்தேன், ஒன்று மட்டும் மிச்சமிருந்த பழைய நூலில். புது நூலில் எண்ணெய் ஏதும் இருந்தால் உனக்கு அங்கே பிழைத்துவிடுமே என்று ஒன்றை மட்டும் ஜாடியில் போட்டு, அயடீனை அடியில் வைத்து, ஓவனுக்குள் விட்டேன். மணி ஒன்றும் கையில் இல்லை, எல்லாம் உன்னிடம். அதனால் வெறும் பைதான் போட்டேன்.

வியாழக்கிழமை காலை திறந்தேன். பை கறுத்துக் கிடந்தது. அது புதிதில்லை, எப்போதும் கறுக்கும். இறால் கறி பட்ட துணி மாதிரிக் கறை என்றுதான் நாம் இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம். தராசில் வைத்தேன். தராசு பிழை என்று நினைத்தேன். காற்றாடியை நிறுத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன், திரும்பவும் வைத்தேன். அதே எண். இன்னொரு பை, பழைய நூல். வெள்ளிக்கிழமை அதுவும் அப்படித்தான். மூன்றாவது பையைச் சனிக்கிழமை எடுத்து நிறுத்ததும் நிலத்தில் குந்திவிட்டேன். ஆய்வுகூடத்தில் வேறு ஆள் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

பை தன் நிறையில் பாதியளவு அயடீனைக் குடிக்கிறது. நைலோன் குடிக்கும் அஸீமா. நாம் பைக்குள் போடும் மணியைப் போல் பை ஆறு மடங்கு பாரம். ஆறில் பாதி மூன்று. நாம் முன்னும் பின்னும் பையோடு நிறுத்து, கூடியது முழுவதையும் மணியின் கணக்கில் எழுதினோம். நீ எழுதிய நான்கில் மூன்று பையினுடையது. மணிக்கு ஒன்று. அந்த மாணவன் அளந்ததுதான் சரி. அவன் கூட நேரம் விட்டிருப்பான், அடி மணியும் குடித்திருக்கும்.

இன்னும் இருக்கிறது. பழைய புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். யார் இதை விட்டது என்று தெரிய வேண்டும் எனக்கு. நீதான் என்று தெரிந்தால் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன், உண்மையைச் சொல்கிறேன். 2022 ஓகஸ்ட் 11. டொலர் இல்லை, பெற்றோல் இல்லை, அயடீன் போத்தலில் அடி தெரிகிறது, முடிந்தால் இன்னொன்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நீ உருண்டை எழுத்தில் எழுதியிருக்கிறாய், "வெறும் பையையும் ஒருமுறை?" என்று. அதற்குக் கீழே பதில் இருக்கிறது. "வெறும் பைக்கு அயடீன் வீண். தேவையில்லை."

அது என் கையெழுத்து.

சுலோஜனா


17.02.2025
ஜேர்மனி

அக்கா,

பஸ்ஸில் வாசித்தேன். இருந்துதான் வாசித்தேன், நீங்கள் சொன்னபடி. இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. கடைசித் தரிப்பிடத்தில் சாரதி வந்து தோளில் தட்டினார். எங்கே நிற்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. பனிக்குள் ஒரு மணித்தியாலம் நடந்து வந்தேன்.

நான்கு வருடம். என் முப்பத்துமூன்று வயதில் நான்கு வருடம் ஒரு மீன் வலைப் பைக்குப் போயிற்று. எனக்கு அழுகைகூட வரவில்லை. சிரிப்பு வந்தது, அதுதான் பயமாக இருந்தது.

யோசித்துவிட்டேன். நீங்கள் பைகளை அனுப்புங்கள். குழுவின் முன்னால் மணியைப் பையில் போட்டு அளக்கிறேன். நான்கு வரும். நான் எண்ணைப் புனையவில்லை என்பது உண்மைதானே அக்கா. தராசு காட்டியதைத்தான் எழுதினேன். வெறும் பையைப் பற்றி அவர்கள் யாரும் கேட்கப் போவதில்லை. நாமே மூன்று வருடம் கேட்கவில்லை. பட்டம் கையில் வந்ததும் நானே திருத்தம் எழுதி அனுப்புகிறேன், அல்லாஹ் மேல் ஆணையாக. ஆறு மாதம். அதற்குள் யாருக்கு என்ன நட்டம்?

வாட் வேலையை எப்படியாவது தள்ளிப்போடச் சொல்கிறேன். எப்படி என்று இன்னும் தெரியவில்லை.

நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம். பேராசிரியர் கம்பஸுக்கு எழுதிக் கேட்டாலும் பழைய புத்தகத்தைக் காட்ட வேண்டாம். உங்களிடம் நான் இதுவரை எதையும் இப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை. உம்மா காத்தான்குடி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறா, மகள் டொக்டராகி வாறாள் என்று. நான் எந்த முகத்தோடு வந்து இறங்குவேன்?

நீங்கள் சுலபமாக உண்மை பேசலாம் அக்கா. உங்கள் பெயர் எங்கும் இல்லையே.

அஸீமா


26.02.2025
கல்லடி

அஸீமா,

கடைசி வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று கேளாதே. பெயரை எடுத்தவளே, பெயர் இல்லாததால் நான் தப்பினேன் என்கிறாள். முதலில் உன்னை அடிக்க வேண்டும் போல் இருந்தது. மறுகா நீ சொன்னது சரி என்று தெரிந்தது. அதுதான் என்னைக் குத்தியது. நீ என் பெயரைப் போட்டிருந்தால் மார்ச் 14ஆம் திகதி நானும் அந்தக் கதிரையில் இருந்திருப்பேன். போடாதபடியால் என் பிழைக்கு நீ மட்டும் போய் இருக்கப் போகிறாய்.

வெள்ளிக்கிழமை காத்தான்குடிக்குப் போனேன், உன் உம்மாவைப் பார்க்க. ஏன் போனேன் என்று தெரியாது. நோன்பு வருகிறது என்று கஞ்சிக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. "சுலோ மகள், அவள் தடிமன் எண்டு சொல்றாள். தடிமன் எண்டா தாய்க்குத் தெரியாதா? அழுத குரல் அது. உனக்கு ஏதும் தெரியுமா?" என்று கேட்டா. நான், "எனக்குத் தெரியா உம்மா" என்றேன். என் வாயால் நான் சொன்ன முதல் பொய் அது, இந்த விஷயத்தில். ஒரு பொய்க்கே எனக்கு அங்கே தேத்தண்ணி இறங்கவில்லை. நீ ஆறு மாதம் எப்படிச் சுமப்பாய் என்று யோசித்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

யாருக்கு நட்டம் என்று கேட்டாய். சொல்கிறேன். அந்த வாட்டில் ஒரு தாதி நிற்பாள். நான்கு மடங்கு பிடிக்கும் என்று நம்பி மணியைக் குறைவாகப் போட்டிருப்பார்கள். மிச்சம் அவளுக்கு. நான் அவளைப் பார்த்ததில்லை, நீயும் பார்த்ததில்லை. ஆனால் இறால் கோது கழுவிய கை இது, அந்த மணி என் கையால் விழுந்தது. இதற்குமேல் எனக்குப் படித்த விளக்கம் ஒன்றும் வராது.

நேற்றுப் புளியந்தீவுத் தபாற்கந்தோரில் பார்சல் போட்டேன். உள்ளே என்ன என்று கேட்டார்கள். நைலோன் பை என்றேன். ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது கறுத்துப்போய்க் கிடக்கே தங்கச்சி, இதையா ஜேர்மனிக்கு அனுப்புறீங்க?" என்றார் அந்த மனுசன். ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல?

ஒன்பது பை வெள்ளை, புதிது. மூன்று கறுப்பு, வெறுமையாகப் போட்டு எடுத்தவை, கண்ணாடிப் புட்டியில் அடைத்திருக்கிறேன். புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படியெடுத்து வைத்திருக்கிறேன், இரண்டு கையெழுத்தும் தெரிகிறபடி. வெள்ளையை எடுப்பாயா கறுப்பை எடுப்பாயா என்பது உன் கையில். நான் யாருக்கும் எழுத மாட்டேன், பேராசிரியருக்கும் எழுத மாட்டேன். கேட்டால் மட்டும் பொய் சொல்ல மாட்டேன்.

கறுப்பை எடுத்தால் எனக்கு ஒன்று செய்ய வேண்டும். கட்டுரையில் போடாத பெயரை அங்கே போடு. பிழை என்று எழுதுகிற இடத்தில், உன் பெயருக்குப் பக்கத்தில். வெறும் பை தேவையில்லை என்று சொன்னவள் நான் என்றும் எழுது. அந்த வரிக்கு நான் உரித்துக்காரி.

சாப்பிடு. நோன்பு தொடங்க முன் உடம்பைத் தேற்று.

சுலோ அக்கா


15.03.2025
ஜேர்மனி

சுலோ அக்கா,

நேற்று முடிந்தது. இரவு நித்திரை இல்லை, அதனால் எழுத்து அங்கும் இங்கும் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்சல் ஐந்தாம் திகதி வந்தது. வெள்ளைப் பையைத்தான் முதலில் எடுத்தேன். மறைக்காமல் சொல்கிறேன். மணியைப் போட்டு அளந்தேன், நான்கு வந்தது. அந்த மாணவன் பக்கத்தில் நின்றான். அவன் என்னிடம், "மன்னிக்க வேண்டும், நான் உங்களைப் பற்றி மற்றவர்களிடம் பிழையாகச் சொல்லிவிட்டேன்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. சரியாக அளந்தவன் பிழையாக அளந்தவளிடம் மன்னிப்புக் கேட்கிறான். அன்று நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தேன், விழுங்க முடியவில்லை.

பதின்மூன்றாம் திகதி காலையில் அவனைக் கூப்பிட்டு வெறும் பையை அவன் கையாலேயே நிறுத்து ஜாடியில் போடச் சொன்னேன். ஏன் என்று கேட்டான். நாளைக்குத் தெரியும் என்றேன்.

விசாரணையில் மூன்று பேரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எனக்கு முன்னால் தண்ணீர் வைத்திருந்தார்கள். நான் தொடாததைப் பார்த்துப் பயம் என்று நினைத்திருப்பார்கள். பயம்தான், நோன்பும்தான். விளக்கம் சொல்லச் சொன்னார்கள். நான் தராசை மேசைக்கு எடுப்பித்து, அவன் போட்டெடுத்த கறுத்த பையை அதில் வைத்தேன். உள்ளே மணி இல்லை என்று விரித்துக் காட்டினேன். எண்ணை அந்த மாணவன் வாசித்தான். வாசித்துவிட்டுத் திரும்பவும் குனிந்து பார்த்தான். பேராசிரியர் எழும்பி ஜன்னலடிக்குப் போய் நின்றுவிட்டார். இரண்டு வருடத்துக்கு மேல் மணியை நம்பியவர் அவர். அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நான் எல்லாவற்றையும் சொன்னேன். வலை நூல், லாச்சி, வெட்கம், ஓகஸ்ட் 11, எல்லாம்.

குழுத் தலைவி வயதான மனுசி. புத்தகப் படியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டா, இந்தப் பையைப் பின்னியது யார் என்று. சுலோஜனா என்றேன். மணியைச் செய்தது யார் என்றா. சுலோஜனா என்றேன். பிழையைக் கண்டுபிடித்தது யார். சுலோஜனா. கட்டுரையின் முதல் பக்கத்தைப் பிரட்டி, "அப்படியானால் இவர் ஏன் இதில் இல்லை?" என்றா.

வழக்கமில்லை என்ற சொல் வாய்வரைக்கும் வந்தது, அதை அங்கே சொல்ல முடியவில்லை. பையை மறைத்த அதே வெட்கத்தில்தான் உங்களையும் மறைத்தேன். அதை அவவுக்கு முன்னால் சொன்னேன். உங்களுக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

தீர்ப்பு இதுதான். புனையவில்லை என்று எழுதுகிறார்கள். ஆனால் செய்முறையை மறைத்தது குற்றம், கட்டுரையை மீளப்பெற வேண்டும். பட்டம் இந்த வருடம் இல்லை, ஆய்வேட்டைப் புதிதாக எழுத வேண்டும். புலமைப்பரிசில் செப்டெம்பரோடு நிற்கும், அதன் பிறகு வேலை செய்துகொண்டுதான் படிக்க வேண்டும். வாட் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

மீளப்பெறும் அறிவித்தலில் உங்கள் பெயரைப் போட எழுதினேன். கட்டுரையில் இல்லாத ஒருவரை இதில் எப்படிப் போடுவது, இப்படி யாரும் கேட்டதில்லை என்று சஞ்சிகைக்காரர் பதில் போட்டார்கள். நான் உங்கள் கடிதத்தின் அந்தப் பகுதியை மொழிபெயர்த்து அனுப்பியிருக்கிறேன். பார்ப்போம்.

உம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அதற்கு மட்டும் எனக்குத் தைரியம் இல்லை.

அஸீமா


09.04.2025
கல்லடி

அஸீமா,

அறிவித்தல் நேற்று வந்துவிட்டது. கம்பஸ் கணினியில் பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். பத்து வரிதான். "மட்டக்களப்பு வாவியில் மீன்பிடிக்கப் பயன்படும் நைலோன் நூலில் பின்னிய பை" என்று எழுதியிருக்கிறாய், ஒரு சொல்லும் விடாமல். வெற்றுப் பையின் சோதனை தேவையில்லை என்று 2022இல் தீர்மானித்தவரும், 2025இல் அதைச் செய்து பிழையைக் கண்டவரும் சுலோஜனா என்று இருக்கிறது. கீழே இரண்டு பெயர். என் பெயர் அச்சில் வந்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. பிழை விட்டவள் என்று வந்திருக்கிறது. வெட்கமா சந்தோசமா என்று எனக்கே பிடிபடவில்லை.

ஒன்றைப் படியெடுத்துக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன். உன்னிடம் கேட்காமல் போனதற்குக் கோபிக்காதே. நீ சொல்ல மாட்டாய் என்று எனக்குத் தெரியும், ஒருமுறை பொய் சொன்ன வீட்டுக்கு நான் திரும்பிப் போகத்தான் வேண்டும்.

உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இங்கிலீசில் இரண்டு பெயரையும் எழுத்துக்கூட்டி வாசித்தா. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "உன்ட பேரும் எங்கட புள்ளட பேரும் ஒண்டா கிடக்கு. எல்லாம் முடிஞ்சிதா மகள்? டொக்டராயிட்டாளா?" என்று கேட்டா. "இல்ல உம்மா. இது பரிசு இல்ல. நாங்க பிழ விட்ட எண்டு போட்டிருக்காங்க. பட்டம் இந்த வருசம் இல்ல" என்றேன்.

உம்மாவின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். நான் பயந்துபோய் எழும்பிக் கையைப் பிடித்தேன். கடைசியில் மெல்லக் கேட்டா, "களவு இல்லையே?" என்று. இல்லை என்றேன். "நீங்க ரெண்டு பேரும் சேந்து விட்ட பிழயா?" ஓம் உம்மா, சேர்ந்துதான் என்றேன்.

"அப்ப அவள் அங்க தனிய இல்ல" என்றா.

நான் அங்கேயே அழுதுவிட்டேன். பிறகு உம்மா தாளை மடித்து, உன் பழைய சேட்டிபிக்கட்டுகள் இருக்கிற பைலுக்குள் வைத்தா. எடுக்கச் சொல்லி நான் சொல்லவில்லை. இன்று பின்னேரம் உனக்குப் போன் எடுப்பா. தடிமன் என்று சொல்லாதே.

பேராசிரியர் கம்பஸுக்கு எழுதியிருக்கிறார், புது மணி வேண்டும் என்று. கடிதம் என் பெயருக்கு வந்திருக்கிறது. மணி ஒரு மடங்குதான் பிடிக்கும் என்றால், அந்த ஒன்றைச் சரியாக அளப்போம். சந்தையில் இறால் கோதுக்குச் சொல்லி வைத்துவிட்டேன். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இனி ஆள் இருக்க மாட்டார்கள், பரவாயில்லை.

வருசப்பிறப்பு முடிந்ததும் தொடங்குகிறேன். மணி இல்லாமல், பை இல்லாமல், வெறும் ஜாடியைத்தான் முதலில் நிறுக்கப் போகிறேன். உன்னையும் நம்ப மாட்டேன், என்னையும் நம்ப மாட்டேன்.

சுலோ அக்கா